பாலம் பிள்ளைகளுக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்று மகள் மெரேயானாவின் பள்ளிக்கூடத்தில் சுனாமி ஒத்திகை. மணி அடித்ததும் பிள்ளைகள் பாலம் தாண்டி, எங்கள் மாவோரி சனம் கூடுகிற மராய் மண்டபம் இருக்கிற மேட்டுக்கு நடக்க வேண்டும். நடந்தார்கள், பாலம் வரைக்கும். அங்கே என் புருஷன் வண்டியோடு நின்றிருந்தான்.

இந்த ஊரில் எது நடந்தாலும் முதலில் கை போவது வண்டிச் சாவிக்குத்தான். ஒத்திகை என்று செய்தி வந்ததும், இன்று வேலை இல்லாமல் வீட்டில் இருந்த விரேமு மகளைக் கூட்டிவரப் பாய்ந்திருக்கிறான். எதிரே பால்பண்ணை ட்ரெவர், தன் மகனை ஏற்றிக்கொண்டு, கன்றுக்குட்டி ட்ரெய்லரோடு. ஒரு வண்டி மட்டும் போகிற பாலம். நீ பின்னால் எடு, நீ எடு என்று இரண்டு பேரும் வீம்பு. விரேமுவுக்குப் பின்னால் ஊரே வரிசையில். பிள்ளைகள் அத்தனை பேரும் கடல் பக்கம்!

ஹினே டீச்சர் சத்தம்கூடப் போடவில்லை. "நிஜ அலையா இருந்தா இந்நேரம் வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 5

அவனோடு பேசவில்லை. வதக்கிய ஆட்டுக்கறியை மட்டும் தட்டில் போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பேசினோம். சாப்பாட்டு மேசையில், மெரேயானாவையும் வைத்துக்கொண்டு. ஒன்பது வயது, எல்லாம் புரிகிறது.

நிலம் ரொம்ப நேரம் ஆடினால் சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது. அவள் டீச்சரோடு மேட்டுக்கு. நான் மீன் கடை அடுப்பை அணைத்துவிட்டு நேரே மேட்டுக்கு. விரேமு, மரம் வெட்டுகிற பைன் காட்டிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் காட்டுப் பாதை கடலோரமாகத்தான் இறங்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் வர முடியாவிட்டால் அவளைக் கூட்டிப்போக என் தங்கை. என் போன் நம்பரை மனப்பாடமாகச் சொல்லச் சொன்னேன். பாட்டாகவே பாடினாள், கழுதை.

விரேமுதான் முறைத்தான். "எம்பொண்ணு அங்க இருக்கா, நான் மரத்தடியில உக்காந்து வேடிக்கை பாக்கணுமா?"

மெரேயானா உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அன்னிக்கு நீ வந்ததாலதான் எங்க கிளாஸே நின்னுச்சு."

அவன் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான். அவன் தானாகப் பாத்திரம் கழுவுகிறவன் இல்லை.

மார்ச் 20

பெற்றோர் கூட்டம். நிலம் ஆடினால் பாலம் பிள்ளைகளுக்கு, ஒரு வண்டியும் ஏறக் கூடாது என்று எழுந்து சொன்னேன்.

ட்ரெவர்: "எம்புள்ளைய நான் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு பானியா? மீன் பொரிக்கிறவ."

"ஆமா, மீன் பொரிக்கிறவதான். உன் ட்ரெய்லருக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நின்னது எம்பொண்ணு."

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியில் ட்ரெவர் கையும், காது உயரத்துக்கு.

மே 14, புதன்

எப்படி எழுதுவது.

காலையில் ஆடியது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவே இல்லை. எண்ணெய் தளும்பித் தரையில் கொட்டியது. அடுப்பை அணைத்தேன், வெளியே ஓடினேன். கால் தானாகப் பாலத்தின் பக்கம் திரும்பிவிட்டது. அடியே பானியா, ஊருக்குத்தான் உபதேசமா? என்னை நானே பிடித்து இழுத்த மாதிரிதான் மேடேறினேன். அழுதுகொண்டேதான் ஏறினேன்.

மேலே நின்று பார்த்தேன். பாலம் காலி. ஒரு வண்டி இல்லை. அதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் வரிசையாக, வேகமாக. ட்ரெவர் ரப்பர் பூட்ஸோடு, நடந்தே மேடேறி என் பக்கத்தில் மூச்சு வாங்கினான். அவனும் அழுதான்.

மெரேயானா இரண்டு பொடிசுகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பாய்ந்து கட்டிக்கொண்டேன். "அம்மா, இரு. இவங்கள டீச்சர்கிட்ட விட்டுட்டு வரேன்" என்கிறாள்! ஆமாம், பெருமைதான். எனக்கு இல்லாமல் யாருக்கு?

அதற்கப்புறம்தான் நினைவு வந்தது. விரேமு. காட்டில் சிக்னல் கிடையாது. அந்த ஆள் சும்மா இருப்பானா? கடலோரப் பாதையில் இறங்கியிருப்பான், இறங்கியிருப்பான் என்றே மனசு அடித்துக்கொண்டது. தண்ணீர் ரக்பி மைதானம் வரை வந்தது, வேலியை வாரிக்கொண்டு போனது. அந்தப் பாதையும் முழுகியது. மெரேயானாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வரமாட்டாரும்மா, எங்கிட்ட சொல்லியிருக்காரு" என்றாள்.

ஆபத்து நீங்கியது என்று அறிவித்த பிறகு, உடம்பெல்லாம் பைன் பிசினும் சேறுமாக நடந்து வந்தான். மகளைத் தூக்கிக்கொண்டான், கீழே விடவே இல்லை. என்னிடம் சொன்னான்: "வண்டி சாவிய தூரமா புதருக்குள்ள வீசிட்டேன் பானியா. கையில இருந்தா வந்திருப்பேன்."

மே 19, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மாலை நானும் விரேமுவும் வாசலில் நின்றிருந்தோம். அன்றைக்கு யாருடைய அப்பா முதலில் மேட்டுக்கு வந்தார் என்று உள்ளே பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. எங்கப்பாதான், எங்கப்பாதான் என்று ஒரே கூச்சல். விரேமு தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது மெரேயானாவின் குரல், எல்லாரையும் அமுக்கிக்கொண்டு:

"எங்கப்பா வரவே இல்லியே! பொழுது சாயுற வரைக்கும் இருந்த எடத்த விட்டு நகரவே இல்ல. உங்கப்பாவால முடியுமா?"