எங்கள் வீதிக்கு வராத இரண்டாம் கட்டம்

சரவணை

அன்புள்ள மகன் வாகீசனுக்கு,

நீயும் பிரியதர்சினியும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க அம்மன் காக்கட்டும். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், ஆகவே எழுதவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறக்க முந்தியே அம்மா வேலையில நிக்கிறன் பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, இருந்து முழுவதும் வாசி.

உன் அப்பாவின் வலது காற்பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அவனுக்குச் சொல்லாதையும் பரிமளம், வேலை இடத்தில மனம் குழம்புவான் என்று என்னை மறித்துவைத்திருந்தார், இனி என்னால் மறைக்க முடியாது. சீனி கூடிய சலரோகக்காரருக்கு வருகிற சின்னப் புண்தான் முதலில். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக்கொண்டு வந்தார், காய்ந்துகொண்டும் வந்தது. எங்கள் வாசற் படலைக்கு முன்னால் வந்துபோன பஸ் ஓட்டம் நின்ற பிறகு, பஸ் பிடிக்க வெயிலில் பெருவீதி வரைக்கும் நடந்தார். வின்சன்றின் ஓட்டோ இருக்கே என்பாய். இந்த வீதிக்கு அது ஒன்றுதான், காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போய்விடும். செருப்புக்குள் மணல் போய், கட்டு நனைந்து, புண் உள்ளுக்குப் பழுத்துவிட்டது. இனியும் ஒழுங்காக மருந்து கட்டாவிட்டால் பாதமே போகும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்தப் பஸ்ஸை நிற்பாட்டியது உன் திட்டம். கனடாவில் பஸ் ஓட்டம் திட்டமிடுகிற வேலை பார்க்கிறவன் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று அங்கேயுள்ள ஊர்ச் சங்கத்தார் உன்னைப் பிடித்து எழுதுவித்தார்கள். முதற்கட்டத்தில் பெருவீதியால் யாழ்ப்பாணத்துக்கு அடிக்கடி பஸ், இரண்டாம் கட்டத்தில் உள்வீதிகளுக்குச் சின்ன பஸ். கேட்க எவ்வளவு வடிவு. முதற்கட்டத்துக்குப் பஸ் காணாது என்று எங்கள் உள்வீதிக்கு வந்த ஒன்றையும் பெருவீதிக்கு இழுத்துக்கொண்டார்கள். உள்வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் மிகக் குறைவு என்று நீ எழுதியிருந்தாயாம். அது எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். உன் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் யார் எதில் போகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். எதிர்வீட்டுத் தவமலர் அக்கா, என்ர பிள்ளையள் ரெண்டும் லண்டனில, நாங்கள் ஏன் பஸ்ஸில இடிபடுறம், ஓட்டோதான் என்றா. அடுத்த நாள் காலை அதே பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்து வந்தா. உன் அப்பா சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படலையடிக்குப் போய், மகன் கனடாவில, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடெல்லாம் அதைத்தான் சொன்னது, பஸ்ஸில் போகிறோம் என்றால் பிள்ளை பார்க்கவில்லை என்று ஊர் நினைக்கும் என்ற பயம். அந்தப் பிள்ளைகள் வெளியூர், நம்பினார்கள். நீ இந்த ஊரில் பிறந்தவன், எங்கள் சனம் வாயால் ஓட்டோவிலும் காலால் பஸ்ஸிலும் போகிறது என்று உனக்குமா தெரியாது? ஒரு தரம் என்னிடம் கேட்டிருக்கலாமே. யார் யார் எந்தப் படலையில் நின்று கைகாட்டி ஏறுகிறார்கள் என்று நான் சொல்லியிருப்பேன்.

சரி, இரண்டாம் கட்டம் எப்போது என்று இங்கே உன் திட்டத்தை நடத்துகிற பஸ் குழுவிடம் போய்க் கேட்டேன். அம்மா, பெருவீதி பஸ்ஸில ஆக்கள் காணாது, முதற்கட்டம் சரிவந்தாத்தான் இரண்டாம் கட்டம் என்றார்கள். பெருவீதிக்கு வர வழியில்லாத சனம் அந்தப் பஸ்ஸில் எப்படி ஏறும் என்று கேட்டேன், திட்டத்தில் அப்படித்தான் இருக்கு என்றார்கள். உன் திட்டத்தில்தான், தம்பி. சங்க விருந்தில் உனக்குப் பொன்னாடை போர்த்திய படத்தை அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பக்கத்துக் கட்டில்காரருக்கெல்லாம் காட்டினார். நான் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன கிழமை வினோஜா ரீச்சர், பழைய பஸ்ஸைத் திருப்பி விடச் சொல்லி ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினா. எங்கள் வீட்டில் கேட்காமல் கடந்து போனா, உன் முகத்துக்காக. அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அவவைக் கூப்பிட்டார். நான் பயந்தேன், ஏசப்போகிறார் என்று. அவர் மனுவை முழுக்க வாசித்துவிட்டு, திட்டம் போட்டவன்ர தகப்பன் எண்டு போட்டு என்ர பேரை மேல எழுதும் பிள்ளை, அப்பத்தான் அதை வாசிப்பாங்கள் என்றார். ஒப்பம் வைத்தார். அதற்குக் கீழே நான் வைத்தேன். வினோஜா போனபின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தவர், அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அம்மன் உன்னையும் உன் குடும்பத்தையும் கைவிடாமல் இருக்கட்டும். குளிருக்கு நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ, பிள்ளைகளோடு தமிழில் கதை. மனுவின் பிரதி ஒன்று உங்கள் சங்கத்துக்கும் வரும். வந்ததும் எங்களுக்குக் காசு அனுப்பாதே, அப்பா இனி அதைத் தொடமாட்டார். பஸ்ஸை அனுப்பு.

என்றும் உன் நன்மையையே வேண்டும் அம்மா,
ஐயாத்துரை பரிமளம்