புருவத்திலிருந்து ஏழு சென்டிமீட்டர்

ஜூலை 7, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டி, வராமல் போனது.

உறுதியானது: என் பின்தலையிலிருந்து இனி எடுக்கக்கூடியது ஆயிரத்து நூறு முடிவேர். அதற்கு மேல் இல்லை. ஆதாரம்: ஆயர் குரோ கிளினிக் டாக்டர், லென்ஸ் வைத்து மூன்று இடங்களில் எண்ணிப் பார்த்தது. சின்ன வயது, தமிழ்ப் பெண். என்னை அங்கிள் என்கிறார்.

"எல்லாரும் எப்ப வளரும்னுதான் கேப்பாங்க. நீங்க மட்டும் எத்தனை, எப்படித் தெரியும், யாரு எண்ணுனாங்கன்னு கேக்குறீங்க. போலீஸா அங்கிள்?"

"நிருபர். முப்பத்தொரு வருஷம்."

"ஓ. அதான் லா."

பின்னணி, ஒழுங்காக ஒருமுறை எழுதிவைக்கிறேன். முதல் ஆப்பரேஷன் ஒன்பது வருடத்துக்கு முன், கோலாலம்பூரில். வயது 48. இரு புருவ நடுவிலிருந்து ஐந்து செ.மீ. உயரத்தில் முடி தொடங்கும்படி நட்டார்கள். அளவுகோல் வைத்த மாதிரி நேர்க்கோடு. அந்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது. "இன்னும் கீழே" என்று இரண்டு முறை கேட்டது நான். நட்டது அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி உதிர்ந்துவிட்டது. முன்னால் வேலி, பின்னால் காலி மனை. ஆபீஸில் எல்லாரும் இப்போது வீடியோவிலும் முகம் காட்ட வேண்டும் என்கிறார்கள். போன வாரம் என் செய்தியின் கீழே ஒருவர்: "அண்ணன் தலையில தொப்பி ஓரம் மட்டும் தெரியுது, தொப்பி எங்க?" நாற்பத்திரண்டு பேருக்கு அது பிடித்திருந்தது.

அழகு வேண்டாம். யாரும் இரண்டாவது முறை பார்க்காத தலை போதும். அதைத்தான் டாக்டரிடம் சொன்னேன்.

பழுப்புப் பென்சிலால் நெற்றியில் வரைந்தார். இரண்டு முறை அழித்தார். ஏழு செ.மீ. பழைய முன்வரிசையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலே தள்ளி நட வேண்டும். "இது கோடு இல்ல அங்கிள். வேலி இல்ல. இங்க ஒத்தை முடி, அங்க கொஞ்சம் காலி, இங்க லேசா உள்ள. ரெண்டு மூலையும் நல்லா பின்னால போகணும். அம்பத்தேழு வயசுக்கு மூலை இல்லாத நெத்தி பொய் சொல்லும்."

பிறகு கேட்டார். "அண்ணன் தம்பி இருக்காங்களா?"

"ஒரு அண்ணன். நாலு வயசு மூத்தவர்."

"அப்ப அவர் தலைதான் எனக்கு வேணும். உங்களுக்கு இன்னும் எங்கெங்க போகும்னு அது சொல்லும். அது தெரியாம வரைஞ்சா பத்து வருஷத்துல இதே கதைதான். மூணாவது வாட்டிக்கு வேர் இல்ல."

வேண்டியவை:
– இரத்தப் பரிசோதனை
– அப்பாவின் படம், ஐம்பதுக்கு மேல் எடுத்தது
– அண்ணன் தலை: முன், மேல், இரண்டு பக்கம்
– தேதி குறித்தாயிற்று: ஜூலை 28. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் சிரமம். அண்ணனும் நானும் பேசி எட்டரை வருடம்.


ஜூலை 8, புதன்

வெயில். அலோர் காஜாவில் ஒரு தாமான் குடியிருப்பில் சாக்கடை அடைப்பு, எட்டு வீட்டுக்காரர்கள் பேசினார்கள், எட்டுப் பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். பத்து வரி.

மாலையில் அலமாரியைக் கிளறினேன். அப்பாவின் படங்கள் மூன்று. ஒன்றில் தலைத்துண்டு. ஒன்றில் எஸ்டேட் தொப்பி. மூன்றாவது ஐ.சி. அடையாள அட்டைப் படம், தலையில் எண்ணெய், விளக்கொளி பட்டு நெற்றி முழுவதும் வெள்ளை. ஆதாரமாகாது.

மலர் கட்டிலில் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள்.

"எட்டு வருஷமா அவர் வீட்டுப் படி ஏறல. இப்ப மண்டைய அளக்கப் போறீங்களாக்கும்."

"அவர் மகன்கிட்ட படம் அனுப்பச் சொல்லலாம்."

"ஏன்னு கேப்பான். என்ன சொல்வீங்க? செய்தின்னா?"

படங்களை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

நடந்தது இது. முதல் ஆப்பரேஷன் முடிந்த பதினோராம் நாள் அப்பா இறந்தார். ஒரு மாதம் தலையில் கத்தி படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மகன்கள் எல்லாரும் மொட்டை போடுவது வழக்கம். கருமாதி அன்று அண்ணன் உட்கார்ந்து எழுந்துவிட்டார். நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தொப்பியோடு நின்றேன். "முருகனுக்கு நேர்ந்திருக்கேன். தைப்பூசத்துலதான் இறக்கணும்" என்றேன். முழுப் பொய். ஐந்து நிமிடம் முன்புதான் யோசித்தது. சாமி பெயரைச் சொன்னதால் யாரும் மேலே கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்துத் தைப்பூசம் வந்தது. கூட்டத்தில் அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, தலையைப் பார்த்தார். அடர்த்தியாக, வாரிவிட்டபடி. திரும்பி நடந்து போனார். அதன் பிறகு கல்யாண வீடுகளில் தலையாட்டல் மட்டும்.

மலருக்கு இதெல்லாம் தெரியும். அண்ணனுக்கு ஆப்பரேஷன் தெரியாது.


ஜூலை 10, வெள்ளி

காலை தூறல். பிறகு இல்லை.

சுங்கை ரம்பாயில் ஒரு பேருந்து நிறுத்தக் கூரை ஒழுகுகிறதாம். அந்தச் செய்திக்கு நானே கை தூக்கினேன். ஆசிரியர் ஆச்சரியப்பட்டார். அண்ணன் அங்கேதான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பத்து மணிக்கு எந்தக் கடையில் தேத்தண்ணி குடிப்பார் என்பது விசாரித்துத் தெரிந்தது. எதிர்க்கடையில் உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து தலையைப் பார்த்துவிட்டால் போதும் என்ற எண்ணம். எத்தனையோ பேரை அப்படிக் காத்திருந்து பார்த்திருக்கிறேன்.

பத்தே காலுக்கு வந்தார். தொப்பி. குடித்து முடிக்கும் வரை தொப்பி. நெற்றி வியர்வையைக்கூடத் தொப்பியைத் தூக்காமல் துடைத்தார். முப்பத்தொரு வருட அனுபவம், ஒரு தொப்பியிடம் நின்றது.

எழுந்தவர் நேராக ரோட்டைக் கடந்து என் மேசைக்கு வந்தார்.

"என்னா நிருபரே. இந்தப் பக்கம் யாரு செத்தா?"

"யாரும் இல்லண்ணே. பஸ் நிறுத்தம், கூரை ஒழுகுதாம்."

"அதுக்கு நான் குடிக்கிற கடைய ஒரு மணி நேரம் பாக்கணுமா?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைத் துடைத்தார்.

"ஒங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்ணே."

உட்காரவில்லை. லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். வயதாகிவிட்டது. கழுத்தில் தோல் தளர்ந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

"ஞாயித்துக்கெழம வீட்டுல இருப்பேன்," என்றார். போய்விட்டார்.

கூரை உண்மையிலேயே ஒழுகுகிறது. படம் எடுத்தேன்.


ஜூலை 12, ஞாயிறு

வெயில், காற்றே இல்லை. மலர் வரவில்லை. "ஒங்க ரெண்டு பேரு மண்டைக்கு நடுவுல நான் எதுக்கு?" வழியில் டுரியான் வாங்கினேன், வெறும் கையோடு போக முடியாது.

அண்ணி கதவைத் திறந்தார். "வாங்க தம்பி. வழி ஞாபகம் இருந்துச்சா?" பிறகு, "பசியாறிட்டீங்களா?" இரண்டும் ஒரே குரலில்.

அண்ணன் வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருந்தார். எதற்கென்று தெரியவில்லை.

செய்தி சொல்வதுபோலச் சொன்னேன், தேதி வாரியாக. ஆப்பரேஷன் இந்த நாள். அப்பா இந்த நாள். டாக்டர் சொன்னது இது. நான் சொன்ன பொய் இது. இப்போது அவர் தலையின் படம் எனக்கு எதற்கு வேண்டும் என்பது இது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப அது விக்கு இல்லையா?"

"என்னது?"

"நாங்க விக்குன்னுல்ல நெனச்சோம். சொந்தக்காரங்க எல்லாருமே அப்படித்தான் லா பேசிக்கிறாங்க."

ஒன்பது வருடம். ஒரு கல்யாணம் விடாமல் வாரிக்கொண்டு போயிருக்கிறேன்.

அண்ணன் சொன்னார், "விக்குன்னா கழட்டி வச்சிட்டு உக்காந்திருக்கலாமேன்னுதான் எனக்கு ஆத்திரம். அப்பனுக்கு அரை மணி நேரம் கழட்ட மாட்டியான்னு."

"நட்டதுண்ணே. கழட்ட முடியாது."

"சரி. கருமாதிக்கு முடியல. தைப்பூசத்துல?"

இந்தக் கேள்வியை நானே பலரிடம் கேட்டிருக்கிறேன், வேறு வார்த்தைகளில். பதில் தெரிந்த பிறகு கேட்கும் கேள்வி.

"அப்ப முடியும். ஆறு மாசம் ஆயிடுச்சு. டாக்டரும் சரின்னாரு."

"அப்புறம்?"

"புதுசா வந்த முடி. மனசு வரல."

திட்டவில்லை. திட்டியிருந்தால் உட்கார எளிதாக இருந்திருக்கும். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"படம் எடுத்துக்க. இப்பத்தான் வளந்து நிக்குது. அடுத்த மாசம் இருக்காது."

"ஏன்?"

அண்ணிதான்: "வருஷா வருஷம் மாமா திதிக்கு மொட்டை எடுத்துருவாரு. ஒரு வாட்டி போட்டதே போதும்னு பூசை பண்ற கோயில் பண்டாரமே சொல்லிட்டாரு, கேக்க மாட்டேங்குறாரு. போன வருஷம் ஏன்யான்னு அவரு கேட்டதுக்கு, தம்பி பங்குன்னாரு இவரு."

"நீ போய் தேத்தண்ணி கலக்கு," என்றார் அண்ணன்.

பதினோரு படம். முன், மேல், இரு பக்கம். அண்ணி தண்ணியை வைத்துவிட்டு வந்து பள்ளிக்கூட அளவுகோலைப் பிடித்தார். "ஆடாதீங்க. ஆடுனா தம்பி நெத்தியில கோணலா வச்சிருவாங்க." புருவ நடுவிலிருந்து எட்டு செ.மீ. மூலைகள் காதுக்கு நேரே வரை உள்ளே போய்விட்டன. நடுவில் கைப்பிடி அளவு முடி, நரைத்தது. உச்சி வெறுமை. அப்பாவின் எந்தப் படத்திலும் கிடைக்காதது. அவ்வளவு நேரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது கேட்டார். "இந்த ஆப்பரேஷனுக்கு மொட்டை அடிப்பாங்களா?"

"ஒட்ட வெட்டுவாங்க. தலை முழுக்க."

"எப்ப?"

"இருபத்தெட்டு."

சுவர்க் காலண்டரிடம் போனார். தாளைத் திருப்பி விரலால் நகர்ந்தார்.

"திதி ஆகஸ்ட் ஒம்பது. அப்பவும் கத்தி படக்கூடாதில்ல?"

பன்னிரண்டு நாள் இடைவெளி. ஒரு மாதம் கத்தி கூடாது. தேதி குறிக்கும்போது லீவைப் பார்த்தேன், தேர்தல் செய்தி இருக்கிறதா என்று பார்த்தேன், மலரின் அக்கா மகள் நிச்சயதார்த்தத்தைப் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. இரண்டாவது முறையும்.

"சரி, போயிட்டு வா," என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டார்.


ஜூலை 14, செவ்வாய்

மழை, மதியம் வரை. கிளினிக் வாசலில் தண்ணீர்.

டாக்டர் அண்ணனின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்லவேளை அங்கிள். நான் வரைஞ்ச மூலை தப்பு. இன்னும் பின்னால." முடிவானவை:
– நடுவில் ஏழு செ.மீ., அதில் மாற்றமில்லை. மூலைகள் இன்னும் இரண்டு விரல் உள்ளே.
– உச்சியைத் தொடுவதில்லை. அதற்கு வேர் போதாது.
– பழைய நேர்க்கோடு முழுவதும் எடுக்கப்படும். எடுத்ததில் பிழைப்பது மறுபடி நடப்படும்.
– முன் ஓரத்தில் ஒற்றை முடி வேர்கள் மட்டும், ஒழுங்கில்லாமல்.

கண்ணாடியில் காட்டினார். பென்சில் தீற்றலுக்கு மேலே வயதான ஒரு நெற்றி. பார்த்துக்கொண்டே இருந்தேன். பரவாயில்லை. அண்ணனின் நெற்றி, கொஞ்சம் முடி கூட.

பிறகு தேதியை மாற்றக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒட்ட வெட்டுறதா, வழிச்சா?"

"வழிச்சு."

"வழிச்ச தலையில வேர் எடுக்க முடியாது. ஒரு மில்லிமீட்டராவது நீட்டிக்கிட்டு இருக்கணும். அஞ்சாறு நாள் விடணும். ஒம்பதுன்னா, பதினஞ்சுக்கு மேல. அந்த மாசம் எனக்கு இடமே இல்ல அங்கிள். ஒருத்தர் தள்ளிப் போடலாம்னு இருக்காரு. அவரு விட்டாத்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரியும். இல்லாட்டி வருஷக் கடைசி. இருபத்தெட்ட விட்டா திரும்பக் கெடைக்காது, யோசிச்சுக்குங்க."

வருஷக் கடைசி வரை, வழித்த தலையில் ஒன்பது வருட வேலி தனியாக முளைத்து நிற்கும். வீடியோவிலும்தான்.

மாலை நாலரைக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். பின்னால் லாரி இன்ஜின்.

"திதிக்கு நான் உக்காரலாமாண்ணே?"

இன்ஜினை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாது. பண்டாரத்தக் கேக்கணும். ஒம்பது வருஷம் கழிச்சு உக்காந்தா செல்லுமான்னு. வியாழக்கெழம கோயிலுக்கு வருவாரு."

"செல்லாதுன்னா?"

"குலை ஏத்துறாங்க. வைக்கிறேன்."

மலரிடம் சொன்னேன். "அப்ப வியாழன் வரைக்கும் இருபத்தெட்டு இருக்கட்டும்," என்றாள். நியாயம்தான். நானாக இருந்தாலும் இன்னொருவருக்கு அதைத்தான் சொல்வேன்.

ஐந்து மணிக்கு ஜூலை 28ஐ ரத்து செய்தேன். ஆதாரம்: கிளினிக் அனுப்பிய குறுஞ்செய்தி, 5.07.

நிலுவை: பண்டாரத்தின் பதில், வியாழன். ஆகஸ்டில் இடம் உண்டா இல்லையா, வெள்ளி மாலை.