போர்வையில் தைத்த பெயர்

என்னவருக்கு,

எழுத்து கோணும், இடக்கையால் எழுதுகிறேன்.

நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்காக, இஸ்மிரில் நம் தெருப் பெண்கள் நாற்பது பேரைக் கூட்டி, கொக்கி ஊசியால் கம்பளிப் போர்வைகள் பின்ன வைத்தேன். பின்னியவர் பெயரை ஓரத்தில் தைப்பது வழக்கம். நான் பின்னியதில், யோசிக்காமல் என் பெயரோடு நம் குடும்பப் பெயரையும் தைத்துவிட்டேன்.

நேற்று, இடிந்துபோன அந்தாக்கியா நகரின் நிவாரணக் கூடாரத்தில் போர்வைகளைக் கொடுத்தபோது, நெவின் என்பவள் அதைப் படித்தாள். கத்தரியால் போர்வையைக் குத்திக் கிழித்தாள். தடுத்த என் வலக்கையிலும் இறக்கினாள்.

“உன் புருஷன் கட்டுன வீடுடீ! என் ரெண்டு புள்ளைங்களும் அதுக்கடியிலதான் நசுங்குச்சு. இப்ப போத்திக்கச் சொல்றியா?”

போலீஸ் வந்தது. அவள்மேல் புகார் இல்லை என்றேன். நீங்கள் ஒளிந்திருக்கும் விலாசத்தைச் சொன்னேன்.

இக்கடிதம் உங்களைச் சிறையில்தான் பார்க்கும். அங்கே குளிரும். அந்தக் கிழிந்த போர்வையைத் தைத்து அனுப்புகிறேன். பெயரைப் பிரிக்கவில்லை.

இன்றுவரை,
உங்கள் மனைவி