தையலுக்கு விட்ட அரை அங்குலம்

என்னங்க,

நீங்கள் ஓட்டுகிற லாரி இப்போது எந்த ஊரில் நிற்கிறதோ, உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். நான் பத்தாம் வகுப்பு பாஸ். கணக்கிலும்தான்.

கணக்கு என்றதும் உங்கள் முகம் போகிற போக்கு இங்கிருந்தே தெரிகிறது. நீங்கள் அந்தப் பரீட்சையை மூன்று தடவை எழுதின கதையை நான் எடுக்கவே மாட்டேன்.

மாலை வகுப்பில் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். செவ்வகம் வரையச் சொன்னால் சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் விட்டுத்தான் வரைவேன். இத்தனை வருஷம் துணி வெட்டின கை. டீச்சர் பார்த்துவிட்டு, "அக்கா, இதை யாரும் போட்டுக்கப் போறதில்லக்கா" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும்தான். பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். எத்தனாவது தடவை என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

பரீட்சைக்காக அந்தப் பழக்கத்தை அடக்கியதில், பக்கத்து வீட்டு அக்காவின் சட்டையைத் தையலுக்கு விடாமலே வெட்டிவிட்டேன். மூச்சுவிட முடியவில்லையாம்.

இப்போது பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்புக்காரர்களுக்கும் அதே அறைதான். ஜன்னலோர பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் என் பையை வைத்திருக்கிறேன். நேற்று புதிதாக வந்த ஒருத்தர் அதை நகர்த்தப் பார்த்தார்.

"அங்க ஆள் வராங்க" என்றேன்.

"எப்போ?"

"லாரியில வராங்க. கொஞ்சம் லேட்டாகும்."

இப்படிக்கு,
உங்கள் வீட்டுத் தையல்காரி