ஓரம் வெட்டிய புத்தகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கினார், இப்போது சமையலறையிலும் தண்ணீர் வரவில்லை. குட்டிக்குப் பல் முளைக்கும் நேரம், கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பாள், தரையில் ஊசி, பொத்தான் கிடக்காமல் பார்த்துக்கொள். போன வாரம் போனில் மேல்வீட்டுக் கப்பல் மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய், நன்றாக இருக்கிறார் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அது பொய். போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவர் தன் பழைய புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நூற்றைம்பது வருஷத்துப் பூகோள சரித்திரப் புத்தகம், தேசத்துக்கு ஒரு அத்தியாயம், எந்த மலை எவ்வளவு உயரம், எந்த ராஜா யாரைக் கவிழ்த்தான் என்று வரிசையாக, நடுநடுவே மடித்து வைத்த வரைபடங்கள். வாலிபத்தில் ஏதோ துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கினாராம், முப்பது வருஷம் அவரோடு கப்பலில் சுற்றியிருக்கிறது. முதுகு கழன்று தாள் தாளாக வந்துவிட்டது, உன் கையாலேயே கட்டிக் குடும்மா, வெளியில குடுக்க மனசு வரல என்றார். நூலகத்தில் எங்கள் பைண்டிங் பிரிவுக்கே எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தேன். என் புத்தி உனக்குத் தெரியும். வாசகர்கள் கிறுக்குவதை இருபத்தாறு வருஷமாக ரப்பரால் அழித்து அழித்து, பென்சில் கோட்டைக் கண்டாலே எனக்குக் கை பரபரக்கும். இதிலோ பக்கத்துக்குப் பக்கம் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து. இவருக்கு முன்னால் வைத்திருந்த எந்தப் புண்ணியவான் இப்படிப் பாழாக்கினானோ என்று திட்டிக்கொண்டே மூன்று நாள் அழித்தேன். அழியாததை வெட்டும் இயந்திரத்தில் வைத்து மூன்று பக்கமும் அரை அங்குலம் எடுத்துவிட்டேன். ஒரு வரியாவது படித்துப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

கட்டி முடித்துக் கொடுத்ததும் மாமா புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார், திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். ஓரத்துல நான் எழுதி வச்சிருந்தேனேம்மா, எங்க எந்தத் தேதி எறங்கினேன், புத்தகத்துல சொன்னது நெசமா பொய்யான்னு எல்லாம் எழுதியிருந்தேனே என்றார். நான்தான் அழித்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகத்தைக் கெடுத்தவள் என்று பேர் வாங்காத திமிர் என் வாயைக் கட்டிப்போட்டது. அப்படி ஒண்ணும் இல்லையே மாமா, சுத்தமாத்தானே இருந்துச்சு என்றேன். புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டார். அப்ப என் நெனப்புதான் தப்பு போல என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அன்றைக்கு ஒடுங்கியவர்தான். மாடிப்படியில் போகிறவர் வருகிறவரை நிறுத்திக் கப்பல் கதை அளக்கிற மனுஷர், அங்கேயெல்லாம் நான் போனது உண்டா இல்லையா என்று பெற்ற மகனையே கேட்க ஆரம்பித்தார். மகன் அந்தப் புத்தகத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லையாம், கீழே வந்து, புத்தகத்தில் ஏதாவது எழுதியிருந்ததா என்று என்னிடம் விசாரித்தார், அவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், இப்போது அடுத்த மாதக் கடைசியில் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அப்பாவிடம்கூட எரிந்து விழுகிறேன்.

நேற்றுக் காலை மாடியேறிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அப்ப நான் எழுதினது நெசம்தானே, எனக்கு ஒண்ணும் ஆகலதானே என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, பையன்கிட்டயும் நீயே சொல்லிடும்மா, நான் சொன்னா நம்பமாட்டான் என்றார். சாயங்காலம் மகன் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். எங்கப்பா மேல உங்களுக்கு இருக்கிற பாசத்துல சொல்றீங்க, புரியுதுக்கா, ஆனா அன்னைக்கு ஒண்ணுமே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க என்றார். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன், காட்ட அதில் என்ன இருக்கிறது, ஒரு தடம்கூட இல்லாமல் அவ்வளவு சுத்தமாகச் செய்து வைத்திருக்கிறேன்.

இனி நீ ஒருத்திதான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் மேலே ஓடிப்போய், மாமா ஓரத்தில் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினார் என்று வந்து வந்து சொல்வாயே, பாத்திரம் தேய்த்துக்கொண்டே உம் கொட்டினேனே தவிர ஒன்றையும் நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அன்றைக்கு ரப்பரை எடுத்திருக்க மாட்டேன். உனக்கு என்ன நினைவிருக்கிறதோ, அரை வரியானாலும் சரி, உன் கைப்பட எழுதி அவர் மகன் பேருக்கே அனுப்பு, இந்தக் கடிதத்தையும் கூட வைத்து அனுப்பு. என் மானம் போகும் என்று யோசிக்காதே. ஒன்றுமே நினைவில்லை என்றால் இல்லை என்றே எழுது. அம்மாவைக் காப்பாற்ற ஒரு வரிகூட நீயாகச் சேர்க்காதே, மாமாவைக் காப்பாற்றவும் சேர்க்காதே. என்னுடைய ஒரு பொய்யே அவருக்குப் போதும்.

மாப்பிள்ளையும் நீயும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும். தபாலை இம்மாதமே போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் மாடிப்படி ஏறக் கூசுகிற உன் அம்மா