சிவப்புக் கோடு நேராக இருக்கட்டும்

உஜித்சே,
டிசம்பர் 4

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சளியைத் தவிர மற்றபடி நலம், அங்கே உன் நலத்தோடு உன் காரின் நலத்தையும் அறியத் தவிக்கிறேன். மாரிபோர் போகும் பஸ் டிரைவரிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன், மிளகாய் சுட்டு அரைத்த அய்வார் ஜாடிகளை வெளியே எடுப்பதற்கு முன் கடிதத்தைப் படித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, வளைவில் திரும்பும்போது ஆயில் விளக்கு சிவப்பாக ஒரு தடவை கண் சிமிட்டுகிறது, வேறொன்றும் இல்லை என்று, அதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காரை எடுக்காதே என்றேன், நீ சிரித்தாய். பள்ளியில் ஒரே வகுப்புக்கு ஆறுகளைப் பற்றிய அதே புவியியல் பாடத்தை ஒரே நாளில் இரண்டு முறை நடத்தினேன், பிள்ளைகளும் சிரித்தார்கள். பத்தொன்பதாம் தேதி நம் வீட்டு ஸ்லாவா, நம் குலப் புனிதர் நிக்கோலாவின் திருநாள், அப்பா மீனுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார், நீயோ அந்தக் காரில் எழுநூறு கிலோமீட்டர் வரப்போவதாகச் சொல்கிறாய். நான் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தில் நீ எங்கோ பனிக்குள் ஆயில் வற்றி என்ஜின் இறுகி நிற்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். அந்த விளக்கு சிமிட்டுவது ஆயில் ஒழுகுவதால், அந்த ஒழுக்குக்குக் காரணம் நான்தான். அக்டோபரில் நீ கிளம்பிய காலை, நீ குளித்துக்கொண்டிருந்தபோது காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். என்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கும் சேம்பரைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் இரண்டு, விரலாலேயே திருகும்படி தளர்ந்திருந்தன. அதற்கு முந்தின வாரம் முழுக்க ஜாடி மூடிகளை இறுக்கிய கை, சும்மா இருக்குமா. அப்பாவின் ஸ்பேனர் பிடியில் ஒரு குழாயைச் செருகி, நன்றாக இருந்தவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் என் பலம் கொண்டமட்டும் முடுக்கினேன். நீ பத்து நிமிடம் என்ஜினைச் சூடாக்கிவிட்டுக் கிளம்பினாய், நான் வழக்கம்போல் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீரை ஊற்றினேன், பயணம் தண்ணீராக ஓடட்டும் என்று. நீ தெருமுனை திரும்பியபின் பார்த்தால் அந்தத் தண்ணீரின்மேல் வண்ண வண்ணமாய் ஆயில் படலம். பழைய கறைதான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். அந்த நிறம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

திங்களன்று காபி குடிக்க வந்த பக்கத்து வீட்டு மெக்கானிக் மிலோயேயிடம் உண்மையைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் டீச்சர், அது என்ன அய்வார் மூடியா, இறுக்கின வரைக்கும் லாபம்னு நெனைக்க? ஆயில் கசியாம இருக்க உள்ள வெச்சிருக்கிறது கார்க் பேக்கிங். நசுக்கினா பிதுங்கும், சூட்டுல இன்னும் அமுங்கும், போல்ட்டு பிடிமானம் இல்லாம மறுபடி லூசாகும். தகர விளிம்பு ஓட்டைக்கு ஓட்டை குழிஞ்சே போயிருக்கும்" என்றார். அப்பா உடனே, "இருபத்தஞ்சு வருசமா என்னையும் இப்படித்தான்டா முடுக்கறா, நான் ஒழுகலையே" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்பா விளையாட்டாகச் சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனிமேலாவது சொல்வதைக் கேள். முதலில் ஆயில் அளவைப் பார், மெக்கானிக் வரும்வரை சாவியைத் தொடாதே. மிலோயே சொன்னது இதுதான். சேம்பரைக் கழற்றி, விளிம்பைச் சமமான இரும்பின்மேல் வைத்துத் தட்டி நேராக்க வேண்டும், மரையிலும் ஓட்டையிலும் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும், பெட்டியில் இருக்கும் புதுப் பேக்கிங்கை வைத்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷரும் அகல வாஷரும் மாட்ட வேண்டும். நடுவில் தொடங்கி எதிரெதிராக ஓரத்துக்குப் போகச் சொல், சின்ன ஸ்பேனரும் மணிக்கட்டின் பலமும் போதும். ஒரு நாள் ஓட்டி, நன்றாக ஆறியபின் இன்னொரு சுற்று, அதற்குமேல் யாரும் கை வைக்க வேண்டாம். என் சிவப்பு நகப்பூச்சையும் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகரம்வரை ஒரு கோடு இழுத்துவிடு, போல்ட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியும் வழியில் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர்வரை என்று பார்க்காமல் அங்கேயே ஓரம்கட்டி அணைத்துவிடு. வேலை முடியாவிட்டால் பஸ்ஸில் வா. என்மேல் கோபம் இருந்தால் திட்டு, ஆனால் போனை எடு.

வாஷர் பொட்டலம் கம்பளிக் காலுறைக்குள் இருக்கிறது, தெரியாமல் உதறிவிடாதே. புனித நிக்கோலா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், நீ நூறாண்டு நன்றாக இரு. நீ வந்து இறங்கியதும் நான் காருக்கு அடியில் படுப்பேன், அதை மட்டும் தடுக்காதே. டார்ச் அடித்துக் கோடுகளைப் பார்ப்பேன், அவ்வளவுதான். ஸ்பேனர் இப்போது மிலோயே வீட்டில் இருக்கிறது, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா ரட்மிலா