ஜூஸ் கடைத் தோல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் ஜூஸ் கடைச் சாத்துக்குடித் தோல் ஜெயித்துவிட்டது! பழம், இலை, தோல் மூன்றின் சாற்றையும் தனித்தனியாக ரொட்டியில் தடவி வைத்திருந்தேன். தோல்சாறு தடவிய துண்டில் மட்டும் பூஞ்சை இல்லை. அதிலும் வந்திருந்தால் என் ஆய்வு இன்றோடு முடிந்திருக்கும்.

“உன் தோல் மூட்டையைக் குப்பை மூட்டைன்னு கிண்டல் பண்ணினேனே, மன்னிச்சுடு தாயே!” என்று ஆய்வகத் தோழி என் காலில் விழப் போனாள். “தோல் எந்தக் கடைம்மா?” என்றார் பேராசிரியர். எப்போதும் முணுமுணுக்கும் நான், “எங்கப்பா கடை சார்!” என்று கத்தியேவிட்டேன்.

நான் வேண்டாமென்ற மாப்பிள்ளையைப் பற்றி இதில் எழுத மாட்டேன். ஆனால் நீங்கள் என்னோடு பேசாத இத்தனை மாதமும், பஸ்ஸில் தவறாமல் வந்த தோல் மூட்டையில் பொறுக்காமல் விட்ட ஒரு விதைகூட இருந்ததில்லை, அப்பா.

அடுத்த மூட்டையை அனுப்பாதீர்கள். சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்